கோட்டை முதல் தாராவி வரை

மும்பைக்குப் பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர் மராத்தி கற்பதற்கு முன்பே மின்சார ரயிலின் கால அட்டவணையைக் கற்றுக்கொண்டார்கள். வீடு பார்க்கப் புறப்பட்டால் அறை எத்தனை, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்ற வினாக்களெல்லாம் பிறகுதான். ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை என்பதே முதல் வினா. மாட்டுங்காவும், பின்னாளில் செம்பூரும் முலுண்டும் டோம்பிவிலியும் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இடங்களாக வளர்ந்ததற்குக் காரணம் தேடிப் போனால், நகரின் தென்கோடியில் ஒரு சதுர மைலுக்குள் குவிந்து கிடந்த காரியாலயங்களில் போய் முடியும். அக்காரியாலயங்கள் ஏன் அங்கே குவிந்தன, பின்னர் ஏன் கிளம்பின, இன்று எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்பதை நேரிலே நடந்து பார்த்தால் என்ன என்று நம் அன்பர்கள் சிலருக்கு ஓர் ஆவல் பிறந்தது.

ஆகவே 2025-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் ஐவர் புறப்பட்டோம். எங்களுள் மூத்தவர் எழுபத்தெட்டு வயதினர். தஞ்சை மாவட்டத்திலிருந்து 1968-இல் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு வந்து, ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோகிராபராக அமர்ந்தவர். இளையவள் பி.கே.சி. என்று எல்லாரும் சொல்லும் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் கணக்குத் துறையில் பணி புரியும் பெண். எங்களுக்காக ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். இவ்விருவர் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே நகரம் இடம் பெயர்ந்த கதையில் பாதி விளங்கிவிடும்.

இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் என்று பெயர் தாங்கி நிற்கும் பழைய வி.டி. நிலையத்தின் எதிரிலிருந்து தொடங்கினோம். இந்தியாவின் முதற் பயணிகள் ரயில் 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் இவ்விடத்தருகே இருந்த போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிற்று என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஸ்டீவன்ஸ் என்னும் சிற்பி வகுத்த இப்பெரிய மாளிகையின் வேலை 1878-இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்தது. அதன் வளைவுகளையும் கல்லில் செதுக்கிய விலங்குகளையும் பார்த்து வியப்பவர்கள் அது நிற்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. ரயில் ஏன் இங்கே வந்து நின்றது? துறைமுகம் பக்கத்தில் இருந்ததால் நின்றது. தக்காணத்துப் பருத்தி மலையிறங்கி வந்து கப்பலேறும் வாயில் இது. பருத்தி வந்த இடத்திற்குத் தரகர் வந்தார். தரகர் இருந்த இடத்திற்கு வங்கி வந்தது. வங்கியை அடுத்து இன்ஷூரன்ஸ், கப்பல் ஏஜென்ஸி, வழக்கறிஞர் என்று ஒவ்வொருவராய் வந்து சேர்ந்தனர்.

மேற்குப் பக்கத்து ரயில் வேறொரு கம்பெனியுடையது. அதன் தண்டவாளம் கடலோரமாகக் கொலாபா வரை ஓடிக்கொண்டிருந்தது. 1930-ஆம் ஆண்டின் இறுதியில் கொலாபா நிலையம் மூடப்பட்டு, சர்ச்கேட்டே கடைசி நிலையம் ஆயிற்று. (புனித தாமஸ் தேவாலயத்துக்குப் போகும் கோட்டை வாயில்தான் சர்ச்கேட். 1860-களில் மதில்களை இடித்தபோது வாயிலும் போயிற்று; பெயர் மட்டும் ஸ்டேஷனுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.) வி.டி.க்கும் சர்ச்கேட்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. இரண்டு பெரிய ரயில் வழிகள், வடக்கே நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஆட்களை வாரிக்கொண்டு வந்து, ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில் கொட்டுகின்றன. இடையில் கிடக்கிறது கோட்டைப் பகுதி. அங்கே எந்தத் தெருவில் நீங்கள் காரியாலயம் வைத்தாலும் இரண்டு நிலையங்களிலிருந்தும் கால் மணி நேரத்தில் நடந்து வந்துவிடலாம். இப்படி ஓர் இடம் அமைந்துவிட்டால், வேறு எங்கே போவதற்கு ஒரு முதலாளிக்கு மனம் வரும்?

நாங்கள் நடந்தே பார்த்தோம். வி.டி.யிலிருந்து ஃப்ளோரா நீரூற்று அமைந்த ஹுதாத்மா சௌக், அங்கிருந்து ஹார்னிமன் வட்டம், அதன் பின்புறம் தலால் தெரு. 1875-இல் தொடங்கிய பங்குச் சந்தைக்கு முன்னோடியாகத் தரகர்கள் டவுன் ஹாலின் எதிரே ஆலமரத்தடியில் கூடிப் பேரம் பேசியதாகச் சொல்வார்கள். அக்காலத்துக் காரியாலயத் தொழில் கையும் காலும் கொண்டு நடந்த தொழில் என்பதை மறந்துவிடக் கூடாது. காசோலையைப் பியூன் எடுத்துக்கொண்டு போய் அடுத்த வங்கியில் கொடுக்க வேண்டும். கப்பல் பத்திரத்தில் கையெழுத்து வாங்கத் துறைமுகத்துக்கு ஆள் போக வேண்டும். ஆகையால் காரியாலயங்கள் கூப்பிடு தூரத்தில் கூடி வாழ்ந்தன.

எங்கள் பெரியவர் வேலை பார்த்தது இப்பகுதிக்குக் கிழக்கேயுள்ள பாலார்டு எஸ்டேட்டில். துறைமுகத்துக்காக அலெக்ஸாண்ட்ரா டாக் தோண்டியபோது கிடைத்த மண்ணைக் கொட்டி உண்டாக்கிய நிலம் அது. 1914-க்கும் 1918-க்கும் இடையில் விட்டெட் என்னும் சிற்பியின் மேற்பார்வையில் ஒரே சீரான உயரமும் முகப்பும் கொண்டு கட்டினார்கள். மாட்டுங்காவில் நண்பர் மூவருடன் ஓர் அறையில் தங்கி, அங்கிருந்து வி.டி.க்கு ரயிலேறிப் பத்து நிமிடம் நடந்து இங்கே வந்து சேர்வாராம். “வீட்டுக் கதவைப் பூட்டினதுலேருந்து மெஷின் முன்னாடி உட்கார்ற வரைக்கும் அம்பது நிமிஷம். இப்போ யாருக்குக் கிடைக்கும் அந்த மாதிரி?” என்று அந்தப் பழைய கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபடி கூறினார்.

மாட்டுங்கா நமக்கு வாய்த்ததும் ரயிலால்தான். 1896-இல் வந்த பிளேக் நோய்க்குப் பின் 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்து, தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகலமான தெருக்களும் மனைகளும் வகுத்தது. 1925 பிப்ரவரியில் வி.டி.க்கும் குர்லாவுக்கும் இடையே நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. 1928-இல் மேற்கு வழியிலும் மின்சாரம் வந்தது. கோட்டையில் குமாஸ்தா வேலை, மாட்டுங்காவில் குடித்தனம் என்ற வாழ்க்கை முறைக்கு இவ்விரண்டும் சேர்ந்து வழி வகுத்தன. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியதும் இச்சூழலில்தான்.

சரி, கோட்டைக்கு இத்தனை வசதி இருக்கையில் வானளாவிய மாடங்கள் அங்கேயே எழுந்திருக்க வேண்டுமல்லவா? எழவில்லை. பங்குச் சந்தையின் 29 மாடிக் கோபுரமும் (1980) ரிசர்வ் வங்கியின் உயர்ந்த கட்டடமும் தவிர, பெரும்பாலும் பழைய நாலு ஐந்து மாடிக் கல் கட்டடங்களே நிற்கின்றன. காரணம் எளிது. உயர்ந்த மாடம் கட்டுவதற்கு அகன்ற வெற்று மனை வேண்டும். கோட்டையில் மனைகள் சிறியன. ஒவ்வொன்றுக்கும் உடையவர் பலர், குடியிருப்போர் அதனினும் பலர். 1947-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பழைய வாடகைகளை உறைய வைத்தது. பழைய வாடகை கொடுப்பவரை வெளியேற்றவும் முடியாது. அவர் தரும் வாடகையில் கட்டடத்தைச் செப்பனிடவும் முடியாது. ரயில் வசதி எவ்வளவு இருந்தாலும் நிலம் கட்டுண்டு கிடந்தால் மாடம் எழாது. ஆகவே நிலம் இல்லாத நகரம் கடலைப் பார்த்தது.

சர்ச்கேட்டைக் கடந்து கடற்கரையோரமாக நரிமன் பாயிண்டை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. இந்த நிலத்தின் பெயர்க் கதை சுவையானது. 1920-களில் பேக் பே கடலைத் தூர்க்கும் பெருந்திட்டத்தில் பணம் வீணாவதை அம்பலப்படுத்தியவர் குர்ஷீத் நரிமன். அதற்காக அவர் மீது அவதூறு வழக்கும் நடந்தது, அவர் வென்றார். கடல் தூர்ப்பைக் கண்டித்தவர் பெயரையே தூர்த்த நிலத்தின் முனைக்கு வைத்திருக்கிறார்கள். பாராட்டா, பழிவாங்கலா என்று எங்களுள் ஒருவர் கேட்டார்.

விட்டுப்போன தூர்ப்பு வேலை 1960-களிலும் 70-களிலும் மீண்டும் நடந்தது. அரசுக்குச் சொந்தமான புதிய வெற்று நிலம்; பழைய குடியிருப்போர் தொல்லை இல்லை; பெரிய மனைகள். தீவு நகரத்தில் மனையின் பரப்பைப்போல் 1.33 மடங்குக்கு மேல் தளங்கள் கட்டலாகாது என்று 1991-ஆம் ஆண்டு விதிகள் கூறின. நரிமன் பாயிண்டின் மனைகளுக்கோ அதனினும் மிகுதியான இசைவு முன்னரே கிடைத்திருந்தது. ஜோசப் ஸ்டைன் வரைந்த 25 மாடி எக்ஸ்பிரஸ் டவர்ஸ், 1974-இல் முடிந்த 23 மாடி ஏர் இந்தியா கட்டடம், அவற்றைச் சுற்றிலும் பிற கோபுரங்கள் என்று அலைகளின் விளிம்பில் ஒரு புதிய நகரம் எழுந்தது. தலைமைச் செயலகமும் அருகே இருந்ததால், அரசிடம் அனுமதி வேண்டி நடப்பவர்களுக்கும் இவ்விடம் வாய்ப்பாயிற்று.

இதற்கு மாற்று வழி ஒன்று அன்றே சொல்லப்பட்டது. சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் படேல் ஆகிய மூவர் 1960-களின் நடுவில், துறைமுகத்துக்கு அக்கரையில் புதிய பம்பாய் ஒன்று அமைத்து, அரசின் காரியாலயங்களையும் அங்கே கொண்டுபோக வேண்டும் என்றார்கள். எல்லாரும் தெற்கே ஓடும் ஒருவழி ஓட்டத்தை அதனால் தணிக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். காலையில் தெற்கு நோக்கும் ரயில்களில் மூச்சு விட இடமிராது. அதே ரயில் வடக்கே திரும்பும்போது பாதி வெறுமையாகப் போகும். போட்ட தண்டவாளத்தில் பாதி வீண். அரசு அத்திட்டத்தை ஏற்றது. 1970-இல் சிட்கோ என்னும் நிறுவனமும் அமைந்தது. ஆனால் தலைமைச் செயலகம் நகரவில்லை. கடல் தூர்ப்பும் உடனே நிற்கவில்லை. வாஷிக்கு ரயில் பாலம் கடந்து சென்றதோ 1992-இல். ரயிலுக்காக இருபத்திரண்டு ஆண்டு காத்திருக்கும் காரியாலயம் உலகில் எங்கே உண்டு? அத்தனை காலமும் கோபுரங்கள் நரிமன் பாயிண்டிலேயே எழுந்துகொண்டிருந்தன.

இந்தக் கோபுரங்களுக்கு ஒரு குறை பிறவியிலேயே இருந்தது. ரயில் நிலையம் அருகில் இல்லை. சர்ச்கேட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர், வி.டி.யிலிருந்து அதற்கும் கூட. மேலதிகாரிகளுக்குக் கார் உண்டு, கடற்காற்று உண்டு, ஜன்னலுக்கு வெளியே மரைன் டிரைவின் அழகும் உண்டு. குமாஸ்தாக்களோ சர்ச்கேட் வாசலில் ஷேர் டாக்ஸிக்கு நீண்ட வரிசையில் நின்றார்கள், அல்லது நடந்தார்கள். எங்கள் பெரியவரின் கம்பெனியும் 1976-இல் பாலார்டு எஸ்டேட்டை விட்டு இங்கே ஒரு கோபுரத்துக்கு வந்தது. அதே ஆண்டில் அவருக்குத் திருமணமாகி, மாட்டுங்காவில் வீடு கட்டுபடியாகாமல் டோம்பிவிலியில் ஒரு சிறிய ஃபிளாட் வாங்கினார். வி.டி.யிலிருந்து 48 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர். ரயிலும் பஸ்ஸும் நடையுமாக நாளொன்றுக்குப் போகவர மூன்றரை மணி நேரம். 2006-இல் ஓய்வு பெறும் வரை முப்பது ஆண்டு. அவர் சுருக்கெழுத்துக்காரர் மட்டுமல்லர், கணக்கும் வல்லவர். ஆண்டுக்கு 280 வேலை நாள் என்று வைத்துப் பெருக்கியிருக்கிறார். ஏறத்தாழ 29,400 மணி நேரம். அதாவது இரவும் பகலும் சேர்ந்தாற்போல் மூன்று ஆண்டுக்கு மேல்.

“பசங்க படிச்சது ஒண்ணும் எனக்குத் தெரியாது. காலையில நான் கிளம்பறச்சே தூங்கிண்டிருப்பா, ராத்திரி வரச்சேயும் தூங்கிண்டிருப்பா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைதான் அவா முகத்தைப் பார்ப்பேன்” என்றார். இதைக் குறையாக அவர் சொல்லவில்லை. கடல் பக்கம் திரும்பிக்கொண்டு வெறுமனே சொன்னார். நம் குடும்பங்களுள் எத்தனையோ தந்தையர் இதே கணக்குக்கு உரியவர்கள். ஒரு கம்பெனி தன் காரியாலயத்தை ஒன்றரை மைல் தள்ளி வைப்பது வாடகைப் பத்திரத்தில் ஒரு வரி. அதன் விலையை வேறொருவர் வீட்டு நேரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்.

1990-களின் நடுவில் நரிமன் பாயிண்டின் வாடகை உலகிலேயே மிக உயர்ந்த வாடகைகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது. அதன் பிறகு இறங்குமுகம். வங்கிகள் ஒவ்வொன்றாய் வடக்கே கிளம்பின. ஏர் இந்தியாவின் தலைமைக் காரியாலயம் 2013-இல் தில்லிக்குப் போய்விட்டது. கட்டடத்தை மகாராஷ்டிர அரசு 1,601 கோடி ரூபாய்க்கு வாங்க முடிவாயிற்று. ரயில் மட்டும் வரவே இல்லை.

வந்தது 2025-ஆம் ஆண்டு அக்டோபரில். கஃப் பரேடிலிருந்து ஆரே வரை 33.5 கிலோமீட்டர், 27 நிலையங்கள் கொண்ட மூன்றாவது மெட்ரோ வழி அம்மாதத்தில் முழுமையாகத் திறக்கப்பட்டது. நரிமன் பாயிண்டுக்கு அருகிலுள்ள நிலையத்துக்கு விதான் பவன் என்று பெயர். படிகளில் இறங்கி, குளிர்ந்த சுரங்க மேடையில் நின்றபோது பெரியவர் நெடு நேரம் பேசவில்லை. ரயில் வந்தபின் நிலைமை மாறுமா? அறிகுறி ஒன்று தெரிகிறது. அவ்வாண்டிலேயே ரிசர்வ் வங்கி, மெட்ரோ நிறுவனத்திடமிருந்து இங்கே நான்கு ஏக்கருக்குச் சற்று மிகுந்த மனையொன்றை 3,400 கோடி ரூபாய்க்கு மேல் விலை கொடுத்து வாங்கியது. நீண்ட காலம் மங்கிக் கிடந்த முனைக்கு இந்த விலை வந்தது வியப்பாயிருக்கலாம். தரைக்கடியில் தண்டவாளம் வந்ததை நினைத்தால் வியப்பு குறையும்.

அடுத்த நிறுத்தமாகிய சர்ச்கேட்டில் மாறி, மேற்கு வழி லோக்கலில் லோயர் பரேலுக்கும் பிரபாதேவிக்கும் சென்றோம். முன்பு பஞ்சாலைகள் நின்ற ஊர். இன்று கண்ணாடிக் கோபுரங்கள். 1982 ஜனவரியில் தொடங்கிய பெரும் வேலை நிறுத்தத்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் ஆலையை விட்டு வெளியே வந்தனர். பலர் திரும்பப் போகவே இல்லை. ஆலை நிலங்களை வேறு வகையில் பயன்படுத்த 1991-இல் விதி வகுத்தார்கள். 2001-இல் அதைத் தளர்த்தினார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றம் அத்தளர்வுக்கு ஒப்புதல் அளித்தது. அகன்ற மனை, இரண்டு ரயில் வழிகளும் அருகே, தெற்கே போகும் தூரத்தில் பாதி. காரியாலயம் கட்டுவோர் கனவு காணும் நிலம் இது.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆலைத் தொழிலாளி பெரும்பாலும் ஆலையைச் சுற்றியிருந்த சால்களிலேயே குடியிருந்தார். சங்கு ஊதியதும் நடந்து வந்தார். எனவே பரேல், எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையங்களின் மேடைகளும் நடைபாலங்களும் சிறிய கூட்டத்துக்கு ஏற்றவாறே இருந்தன. கோபுரத்தில் வேலை செய்பவரோ விராரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் ரயிலில் வருகிறார். நிலம் மாறிற்று, மாடி ஏறிற்று, வாடகை ஏறிற்று. நடைபாலம் மட்டும் அப்படியே இருந்தது. 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் ரயிலிறங்கிய கூட்டமும் அந்தக் குறுகிய பாலத்தில் நெருக்கியடித்து 23 பேர் உயிரிழந்தனர். அடுத்த பிப்ரவரியில் இராணுவத்தார் வந்து புதிய பாலம் அமைத்துக் கொடுத்தார்கள். ஜூலையில் எல்ஃபின்ஸ்டன் ரோடு பிரபாதேவி என்று பெயர் மாறியது. நாங்கள் பாலத்தின் மீது நின்றபோது மதிய உணவு நேரம். அப்போதும் தோளோடு தோள் உரசித்தான் கடந்தோம். கோபுரம் கட்ட அனுமதி கொடுக்கும் அலுவலகமும் பாலம் கட்டும் அலுவலகமும் வெவ்வேறு துறையைச் சேர்ந்தவை என்பதை அந்த இருபத்து மூன்று பேர் அறிந்திருக்க நியாயமில்லை.

தாதருக்கு வந்து மீண்டும் மெட்ரோ ஏறினோம். சீதளாதேவி, தாராவி, அடுத்தது பி.கே.சி. இனி வழிகாட்டி எங்கள் இளையவளே.

மித்தி ஆற்றின் சதுப்பு நிலமாகக் கிடந்த 370 ஹெக்டேர் பரப்பைத் திட்டமிட்டு வளர்க்கும் பொறுப்பு 1977-இல் பெருநகர வளர்ச்சி ஆணையத்திடம் விடப்பட்டது. தென் மும்பையில் காரியாலயங்கள் மேலும் குவிவதைத் தடுப்பதே நோக்கம். இன்று தேசியப் பங்குச் சந்தையும், செபியும், பெரிய வங்கிகளும் இங்கேதான். ஆபரா ஹவுஸ் பகுதியில் நெருக்கடியான சந்துகளில் இருந்த வைர வணிகர்களுக்காக 2010-இல் பாரத் வைரச் சந்தை திறந்தது. அமெரிக்கத் தூதரகக் கிளை 2011-இல் வந்தது. மனையின் பரப்பைப்போல் நான்கு மடங்கு வரை தளங்கள் கட்ட இங்கே இசைவளித்தார்கள். விமான நிலையம் அருகில். நகரத்தின் மக்கள் தொகை வடக்கே நகர்ந்துவிட்டபடியால் ஊழியர்களுக்கும் நடுவிடம்.

பெயரில் பாந்த்ராவும் உண்டு, குர்லாவும் உண்டு. ஆனால் இரண்டு நிலையங்களிலிருந்தும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். ரயில்கள் வடக்குத் தெற்காக ஓடும் ஊரில், இரண்டு வழிகளுக்கும் நடுவே நகரத்தை வைத்துவிட்டார்கள். நரிமன் பாயிண்டில் செய்ததை இங்கேயும் செய்தார்கள் என்றால் மிகையாகாது. அங்கே ஷேர் டாக்ஸி வரிசை, இங்கே ஷேர் ஆட்டோ வரிசை. வேற்றுமை அவ்வளவே, ஆட்டோ ரிக்‌ஷாக்கள் தீவு நகரத்துக்குள் நுழைய அனுமதியில்லாததால் அங்கே டாக்ஸி. இருபது மாடிக் கண்ணாடி மாளிகையில் உட்கார்ந்து கோடிக் கணக்கில் வரவு செலவு எழுதுகிறவர், அதற்கு முன் குர்லா ஸ்டேஷன் வாசலில் மழையில் குடையோடு நான்காவது ஆளாக ஆட்டோவில் தொற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

“இப்போதுதான் மெட்ரோ வந்துவிட்டதே, அம்மா?” என்று கேட்டோம்.

“வந்ததுதான். அந்தேரிக்காரர்களுக்கும் சர்ச்கேட்காரர்களுக்கும் பெரிய வசதி. எனக்கு என்ன? நான் டோம்பிவிலியிலிருந்து வருகிறேன். தாதர் வரை போய் மெட்ரோ பிடித்துத் திரும்பி வருவதற்குள், குர்லாவில் இறங்கி ஆட்டோவுக்கு நின்றாலும் முன்னால் வந்துவிடலாம்” என்றாள். பிறகு பெரியவரைப் பார்த்து, “ஆனாலும் தாத்தா, உங்களைவிட எனக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் மிச்சம்” என்று சிரித்தாள். அவர் உடனே பெருக்கத் தொடங்கிவிட்டார். குர்லாவையும் பி.கே.சி.யையும் சேர்க்கப் போகும் மற்றொரு மெட்ரோ வழியின் தூண்கள் நாங்கள் சென்றபோது எழும்பிக்கொண்டிருந்தன. அகமதாபாத் அதிவேக ரயிலின் சுரங்க நிலையத்துக்கும் பெரும் பள்ளம் தோண்டியிருந்தார்கள்.

மாலையில் ஒரு நிலையம் தெற்கே திரும்பி வந்து தாராவியில் இறங்கினோம். மெட்ரோவில் இரண்டு மூன்று நிமிடம். நடுவே மித்தியும் அலையாத்திக் காடும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் இங்கே தோல் பதனிடும் தொழிலில் இறங்கிய காலத்தில் இது நகரத்தின் வட எல்லைக்கப்பால் கிடந்த சேற்று நிலம். நாற்றம் வீசும் தொழில் என்று ஊருக்கு வெளியே தள்ளிய இடம். நம்மவர் எழுப்பிய பிள்ளையார் கோயில் 1913-இல் தோன்றியது. அவர்கள் எங்கும் நகரவில்லை; நகரம் வளர்ந்து வளர்ந்து, அவர்களைத் தன் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டது. இன்று மேற்கே மாகிம் நிலையம், கிழக்கே சயான் நிலையம், தெற்கே மாட்டுங்கா; மூன்று ரயில் வழிகளும் சுற்றிலும்; அடியில் மெட்ரோ; ஆற்றுக்கப்பால் நாட்டின் விலையுயர்ந்த காரியாலய மனைகள். ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம்.

அகன்ற நிலமும் ரயிலும் ஒருங்கே வாய்த்தால் என்ன நடக்கும் என்பதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்த எங்களுக்குத் தாராவியின் செய்தி புதிதாக இல்லை. 2022 நவம்பரில் மறுவளர்ச்சித் திட்டத்துக்கு அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்குக் கேட்டு வென்றது. மாநில அரசும் பங்காளியான நிறுவனம் வேலையை நடத்துகிறது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்து தரைத் தளத்தில் குடியிருப்பதைக் காட்டுவோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும். பின்னால் வந்தோருக்கும் மாடியில் குடியிருப்போருக்கும் வெளியே. முலுண்டு, காஞ்சூர்மார்க், தேவனார்ப் பக்கத்து நிலங்கள் இதற்கென்று பேசப்படுகின்றன. கழிநீர் ஓடும் சந்தில் வாழ்வதை யாரும் விரும்பிப் போற்ற வேண்டியதில்லை. கழிப்பறையும் காற்றும் உள்ள வீடு வேண்டும் என்று அங்குள்ள தாய்மாரே எங்களிடம் கூறினார்கள். அவர்களுடைய அச்சம் வீட்டைப் பற்றியதன்று, தூரத்தைப் பற்றியது.

தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் இட்லி வியாபாரம் செய்யும் தமிழர் ஒருவரைக் கண்டோம். நாங்கள் சென்றபோது மறுநாளுக்கான அரிசியை அலசிக்கொண்டிருந்தார். இரவில் அரைத்து, விடியற்காலையில் அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கிச் சைக்கிளில் புறப்படுகிறார், பி.கே.சி.யின் கோபுர வாசல்களில் காவலர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அவருக்காகக் காத்திருப்பார்களாம். வழி இருபது நிமிடம். அவர் குடியிருப்பது ஏணி வைத்து ஏறும் மாடி அறை, வந்தது 2003-இல்.

வெளியே போகச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்கத் தயக்கமாக இருந்தது, பெரியவர்தான் கேட்டார்.

“அங்ஙனயும் மாவு அரைக்கலாம் அண்ணாச்சி, அரிசி உளுந்து எங்கயும் ஒண்ணுதான். முலுண்டுலேருந்து சைக்கிள்ல வந்து சேருததுக்குள்ள இட்லி ஆறிப் போவும்லா? ரயில்ல பாத்திரத்தோட ஏற விடுவானா, அந்தக் கூட்டத்துல?” என்றார் அவர். பதிலுக்குக் காத்திராமல், அலசிய அரிசியில் புதுத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டு, எங்களுக்குத் தேநீர் வாங்கிவர மகனை அனுப்பினார்.